லிண்டாவுக்கு என்ன குறை?

மே 18, சனி

லிண்டாவை இன்று தண்ணீரில் இறக்கியாயிற்று. பனிக்காலம் முழுவதும் வெள்ளைப் பிளாஸ்ரிக் போர்வைக்குள் கிடந்தவளை, படகுகள் நிற்கிற மரீனாவின் ஆட்கள் வாரில் கட்டித் தூக்கி, பிள்ளையைக் குளிப்பாட்ட இறக்குகிற மாதிரி ஏரிக்குள் இறக்கினார்கள். நான் கரையில் நின்று பார்த்தேன். என்னை ஒருநாளும் யாரும் அவ்வளவு கவனமாகத் தூக்கியதில்லை.

லிண்டா என்பது எங்கள் படகின் பெயர். பழைய சொந்தக்காரன் தன் மனைவியின் பெயரைப் பின்பக்கத்தில் பெரிய நீல எழுத்தில் எழுதி வைத்திருந்தான். வாங்கின அன்றே மாற்றச் சொன்னேன். படகின் பெயரை மாற்றினால் கூடாதாம், ஏரியில் ஓடுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்களாம். வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று மச்சம் சாப்பிட வேண்டாம் என்றால் மூடநம்பிக்கை என்கிற மனுசன் இது. அன்றிலிருந்து அவளும் நானும் சக்களத்திகள்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் யாருக்காவது சொன்னால் பின்னேரத்துக்குள் ஸ்காபரோவில் உள்ள எங்கள் சனம் முழுக்கத் தெரிந்துவிடும். எழுதினால் தாளோடு போகும்.

பெப்ரவரியில் வாசலில் பனி வழிக்கும்போது இவருக்கு நெஞ்சு நொந்தது. இவர் என்றால் என் வீட்டுக்காரர் சிவநேசன். கார்ப் பாகங்கள் செய்கிற பக்ரறியில் மிசினோடு மிசினாக நின்று காலத்தைக் கழித்துவிட்டு, பென்சன் எடுத்த கையோடு லிண்டாவைக் கொண்டுவந்து என் தலையில் கட்டினவர். அம்புலன்சில் போனார், இரத்தக்குழாயில் இரண்டு இடத்தில் ஸ்டென்ற் வைத்தார்கள், வீட்டுக்கு வந்தார். போன கிழமை டொக்ரர் பார்த்துவிட்டு எல்லாம் நல்லாயிருக்கிறது, நடக்கலாம், படகு ஓட்டலாம், ஒன்றுக்கும் பயப்படத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார். படகு வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லுவார் என்று நான் நம்பிப் போயிருந்தேன். பாழாய்ப்போன டொக்ரர்.

எங்கள் மகள் ஆரணி ஒரே பிடியாக நிற்கிறாள், அப்பாவைத் தனியப் படகில் போகவிடக் கூடாது என்று. அப்படியென்றால் யார் கூடப் போவது? நான்தான். தொண்ணூற்று மூன்றில் ஆரணியைக் கைக்குழந்தையாக நெஞ்சோடு கட்டிக்கொண்டு சண்டைக்குத் தப்பி, கிளாலிக் கடலேரியைக் கடக்க வள்ளம் ஏறினேன். கரை வரும்வரைக்கும் தலையை நிமிர்த்தவில்லை. அதோடு எனக்கும் வள்ளத்துக்கும் உள்ள சோலி முடிந்தது என்றுதான் இத்தனை வருடமும் இருந்தேன். இவர் ஏரியில் சுற்றும்போதெல்லாம் நான் கரையில் கதிரை போட்டு இருந்து மரக்கறி வெட்டுவேன்.

இவருக்கு ஒரு வழக்கம். ஒவ்வொரு வருடமும் படகு இறக்கினதும் ஏரியைக் குறுக்கே கடந்து, வடக்கே ஒரிலியாவுக்குப் போய், அங்கே ஒரு கடையில் பொரித்த மீனும் கிழங்கும் சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். அப்போதுதான் கோடை தொடங்கினதாகக் கணக்கு. இந்த முறை அந்தப் பயணத்துக்கு நானும் போகிறேன். முருகா, நீதான் துணை.

மே 25, சனி

ஒரிலியா போகவில்லை.

காலையில் லைஃப் ஜாக்கெற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கந்தசஷ்டிக் கவசத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டு ஏறினேன். மரீனாவின் வாயிலில் அலையைத் தடுக்கக் கல் அடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் கற்கட்டைத் தாண்டினால்தான் பெரிய ஏரி. தாண்டினோம். கொஞ்சத் தூரம் போயிருக்கமாட்டோம், இவர் தலையைச் சரித்து எஞ்சினைக் காது கொடுத்துக் கேட்டார்.

"சத்தம் ஒரு மாதிரிக் கிடக்கு. திரும்புவம்," என்றார்.

எனக்கு எந்த மாதிரியும் கேட்கவில்லை. ஆனால் திரும்புவம் என்றது தேன் மாதிரிக் கேட்டது. கரைக்கு வந்ததும் இரண்டு இட்டலி கூடச் சாப்பிட்டேன்.

ஜூன் 2, ஞாயிறு

இன்று வெப்பமானி. எஞ்சின் சூடாகிறதாம், முள் ஏறுகிறதாம். நான் எட்டிப் பார்த்தேன். முள் நடுவில் நின்றது. போன தரமும் அங்கேதான் நின்றது என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கென்ன தெரியும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். திரும்பி வந்தோம்.

மரீனாவில் கோர்டன் என்று ஒரு மெக்கானிக். அவர் மூடியைத் திறந்து, தண்ணீர் இழுக்கிற பம்பைப் பார்த்து, எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். இவருக்குச் சந்தோசம் வரவில்லை. பழுது இருக்கிறது என்று சொல்லியிருந்தால் முகம் மலர்ந்திருக்கும் போல இருந்தது.

ஜூன் 8, சனி

பெற்றோல் மணக்கிறதாம். எனக்கு இவர் பூசியிருந்த சித்தாலேபைத் தைலம்தான் மணத்தது. திரும்பினோம். கோர்டன் மறுபடி வந்தார். மறுபடி ஒன்றும் இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

தந்தையர் தினம் என்று ஆரணி பேரப்பிள்ளைகளோடு வந்தாள். பிள்ளைகள் படகில் போக வேண்டும் என்று குதித்தன. இவர் வானத்தைப் பார்த்தார், போனில் காற்றுப் படத்தைப் பார்த்தார், இன்றைக்குக் காற்று, நல்லதில்லை என்றார். நான் கொடியில் போட்ட சேலை அசையவேயில்லை.

ஆரணி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, அப்பா நித்திரை கொள்கிறாரா, கண் இரண்டும் சிவந்து கிடக்கிறதே என்று கேட்டாள். வயது போனால் நித்திரை குறையும் என்று சொல்லி அனுப்பினேன். எனக்கு அவரை விட இரண்டு வயதுதான் குறைவு. நான் கட்டையைப் போலக் கிடந்து தூங்குகிறேன்.

ஜூன் 29, சனி

இன்று உண்மையிலேயே ஒன்று நடந்தது. சுழலிக்குள் ஏரிப்பாசி சுற்றிக்கொண்டது. கற்கட்டுக்கு உள்ளேயே. இவர் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பின்னால் குனியப் பார்த்தார். குனிய வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே படுத்துக் கையை விட்டு, கூந்தல் சிக்கு எடுப்பதைப் போல ஒவ்வொரு இழையாக எடுத்தேன். சேற்று நாற்றம். ஆனால் எடுத்தேன். கரையில் நின்ற ஒரு வெள்ளைக்காரி கை தட்டினாள். சக்களத்திக்குத் தலைவாரி விட்டது நான்தான் என்று நினைக்கச் சிரிப்பு வந்தது.

ஒன்றை எழுத மறந்துபோனேன். ஓடிக்கொண்டிருக்கும்போது இவர் அடிக்கடி மணிக்கூட்டைப் பார்க்கிறார். பார்ப்பதென்றால், இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்து அழுத்திக்கொண்டு பார்க்கிறார். வார் தளர்ந்துபோயிருக்கும். புது வார் ஒன்று வாங்க வேண்டும்.

ஜூலை 7, ஞாயிறு

இன்றைய சாட்டு எண்ணெய், பெற்றோல் காணாதாம். படகுக்காரருக்கு ஒரு விதி இருக்கிறதாம்: தாங்கியில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு ஆபத்துக்கு. இவர் கணக்குப் பார்த்துப் பார்த்து, முழுத் தாங்கியோடு கற்கட்டிலிருந்து திரும்பினார். ஆபத்துப் பங்கை வைத்துக்கொண்டு இந்தியாவுக்கே போய் வரலாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லிவிட்டேன். இவர் குனிந்து கயிற்றைக் கட்டினார். வழமையாக ஒன்றுக்கு மூன்றாகத் திருப்பித் தருகிற வாய். வீட்டுக்கு வரும் வழி முழுக்க ரேடியோவைப் போடவுமில்லை. சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு நாக்கில் சனி.

ஜூலை 20, சனி

படகு வைத்திருக்கிற தமிழனுக்கு இரண்டு விதமான போன் வரும். ஒன்று பிறந்தநாளுக்குப் படகில் நின்று படம் எடுக்க. மற்றது அஸ்தி கரைக்க. இறந்தவரின் சாம்பலைக் கரையில் நின்று விட்டால் அலை திருப்பிக் கொண்டுவந்துவிடும் என்று எங்கள் ஆட்களுக்குப் பயம். கொஞ்சம் உள்ளே போய்க் கரைக்க வேண்டும். இவர் இதுவரைக்கும் யாருக்கும் மறுத்ததில்லை. முன்பின் தெரியாத சனத்தைக்கூட ஏற்றிக்கொண்டு போய், எஞ்சினை நிறுத்தி, ஐயர் மந்திரம் சொல்லி முடிக்கும்வரைக்கும் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நிற்பார். கூலி வாங்கமாட்டார்.

இன்று தில்லையம்பலம் மாஸ்ரரின் மகன் எடுத்தார். மாஸ்ரர் போன கிழமை காலமானார், அவருக்கும் நெஞ்சுதான். இவரோடு ஒன்றாக நடை போகிறவர். இவர் போனைப் பிடித்துக்கொண்டு, எஞ்சினில் பழுது, படகு ஓடாது, குறை நினைக்க வேண்டாம் என்று சொன்னார்.

நான் சட்டியை வைத்துவிட்டு வந்து, மாஸ்ரருக்குமா சாட்டு என்று கேட்டேன். கராஜுக்குள் போய் இருந்துவிட்டார். தேத்தண்ணி கொண்டுபோனேன். கயிறு ஒன்றை எடுத்து முடிச்சுப் போட்டு அவிழ்த்து, போட்டு அவிழ்த்துக் கொண்டிருந்தார். பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

லிண்டாவை விற்கப் போகிறாராம்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, குழம்பில் உப்புக் குறைவு என்று சொல்வதைப் போலச் சொன்னார். ஒவ்வொரு நாளும் ஒரு வருத்தம் சொல்கிற படகை வைத்து என்ன செய்வது என்றார். படம் எடுத்து விளம்பரமும் போட்டுவிட்டார். ஆரணிக்குச் சொன்னேன். அவள் போனுக்குள் கும்பிட்டாள்.

எனக்கும் சந்தோசமாகத்தான் இருக்க வேண்டும். சக்களத்தி வீட்டை விட்டுப் போனால் யார்தான் சந்தோசப்படமாட்டார்கள்? மத்தியானம் முழுக்கச் சந்தோசப்பட்டுப் பார்த்தேன். வரவில்லை. இவர் அந்தப் படத்தை எடுக்கும்போது லிண்டாவின் பக்கத்தை ஒரு துணியால் துடைத்துவிட்டு எடுத்ததை நான் கார் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லிண்டா போனால் இவர் எங்கே போவார்? கராஜுக்குள்தான். கயிற்றை முடிந்து முடிந்து அவிழ்த்துக்கொண்டு இருக்கிற மனுசனோடு நான் மிச்சக் காலத்தைக் கழிக்கமாட்டேன். அது எனக்கு வேண்டாம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

படகு ஓடப் பழகப் போகிறேன் என்று சொன்னேன். இவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், புரைக்கேறிப் போயிற்று. இவ்வளவு காலம் வைத்திருந்த சாமானை விற்க முதல் ஒருக்காவாவது பிடித்துப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன். அவ்வளவுதான் காரணம். வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

படகு ஓடுகிறவர் அரசாங்கச் சோதனை பாஸ் பண்ணி ஒரு அனுமதிக் காட் எடுக்க வேண்டும். கொம்பியூட்டரில் எழுதினேன். முதல்தரம் பெயில். சிவப்பு மிதவை எந்தப் பக்கம், பச்சை மிதவை எந்தப் பக்கம் என்று குழம்பிப்போனேன். மேல்நீரை நோக்கிப் போனால் சிவப்பு வலக்கைப் பக்கம். இவர் சமையலறையில் மிளகாய்த்தூள் போத்தலையும் கறிவேப்பிலைக் கட்டையும் இரண்டு பக்கம் வைத்து, என்னை நடுவால் நடக்கவைத்துச் சொல்லித் தந்தார். பின்னேரம் பாஸ்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கற்கட்டுக்கு உள்ளே, குளம் மாதிரிக் கிடக்கிற இடத்தில் ஓடினேன். காரைப் போல் இல்லை. பிரேக் என்று ஒன்று கிடையாது. நிற்கச் சொன்னாலும் தன் எண்ணத்துக்குப் போய்க்கொண்டேயிருக்கிறாள். கரையில் கட்ட வரும்போது மெதுவாக வர வேண்டும், முட்டிக்கொள்ளத் தயாரான வேகத்துக்கு மேலே வரக்கூடாது என்றார். நான் அந்த வேகத்தில்தான் வந்தேன். முட்டிக்கொண்டேன். லிண்டாவின் மூக்கில் ஒரு கீறல்.

விற்கிற சாமானில் கீறல் என்று ஏசப்போகிறார் என்று பயந்துபோய்த் திரும்பினால், மனுசன் சிரிக்கிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். பெப்ரவரிக்குப் பிறகு இவர் சிரித்து நான் இன்றுதான் பார்த்தேன். இன்னும் இரண்டு இடத்தில் முட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

முட்டாமல் கட்டினேன். காற்று அடிக்க அடிக்கக் கட்டினேன். யாரும் கை தட்டவில்லை, பரவாயில்லை. எஞ்சின் தொடங்க முதல் காற்றாடி போட்டுப் பெற்றோல் ஆவியை வெளியே தள்ள வேண்டும், ஓடும்போது முள்ளைப் பார்க்க வேண்டும், பின்னால் தண்ணீர் துப்புகிறதா என்று பார்க்க வேண்டும், எல்லாம் இப்போது தன்பாட்டில் கை செய்கிறது. கற்கட்டுக்கு வெளியே மட்டும் போனதில்லை. நான் கேட்கவுமில்லை. அவர் சொல்லவுமில்லை.

ஆகஸ்ட் 24, சனி

லிண்டாவைப் பார்க்க நிரூபன் என்று ஒரு தம்பி ஏஜாக்ஸிலிருந்து வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், மரியாதையான பிள்ளை. எஞ்சின் எப்படி அண்ணை, ஏதும் கரைச்சல் தந்ததா, உள்ளதைச் சொல்லுங்கோ என்று கேட்டார்.

நான் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். சத்தம், சூடு, பெற்றோல் மணம், எல்லாம் இப்போது வெளியே வரும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, பொய் சொல்லி விக்கமாட்டன்," என்றார் இவர். "இந்த எஞ்சின் எனக்கு ஒரு நாள், ஒரு பொழுது கரைச்சல் தந்ததில்லை. இந்த வருசமும் இல்லை."

தேத்தண்ணி கோப்பையை நிறைத்து என் கையில் வழிந்தது. சுட்டதுகூடப் பிறகுதான் தெரிந்தது. நான் நிற்பதை இவர் மறந்துபோய்ச் சொல்லவில்லை. என்னைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

வருகிற சனிக்கிழமை படகு ஏற்றுகிற ரெயிலர் வண்டியோடு வந்து லிண்டாவை ஏற்றிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டு நிரூபன் போனார்.

அப்படியென்றால் இந்தக் கோடை முழுக்க எது பழுதாகிக் கிடந்தது? எனக்குத் தெரியும். மே மாதமே தெரியும் போல இருக்கிறது. எழுத மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பனங்கிழங்கு மாவில் ஒடியல்கூழ் காய்ச்சினேன். இரண்டு தரம் வாங்கிக் குடித்தார்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

விடிய எழும்பி இடியப்பம் அவித்துக் கட்டி வைத்துவிட்டுச் சொன்னேன், நாளைக்கு லிண்டா போய்விடுவாள், இன்றைக்கு என்னை ஒருக்கா ஒரிலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ என்று.

இவர் காற்று என்றார். காற்றில்லை என்று போனில் காட்டினேன். எண்ணெய் என்றார். நேற்றே போய் நிரப்பிவிட்டேன் என்றேன். பாசி என்றார். பாசியைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம் என்றேன். கதிரையின் விளிம்பில் குந்திக்கொண்டு, செருப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பாவமாக இருந்தது. ஆனால் விடக்கூடாது என்று இருந்தேன்.

"நான் ஓடுறன். நீங்கள் பின்னாலை இருங்கோ," என்றேன்.

மரீனாவில் என்னை ஓடுகிற இருக்கையில் இருத்திவிட்டு, ஒரு சிவப்பு நாடாவை எடுத்து என் மணிக்கட்டில் கொளுவினார். உள்ளே ஓடும்போது இது தேவைப்படவில்லை, பெரிய ஏரிக்குப் போனால் கட்டாயம் என்றார். மற்ற முனை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பொத்தானில் மாட்டியிருக்கிறது. ஓடுகிறவர் தண்ணீருக்குள் விழுந்துவிட்டால் நாடா கழன்று, எஞ்சின் தானாக நின்றுவிடும். படகு ஆளை விட்டுவிட்டு ஓடிப்போகாது. பிறகு பின்னால் போய் நீள இருக்கையில் இருந்தார்.

கற்கட்டைத் தாண்டினேன். கவசம் பாதியில் மறந்துபோய், திரும்ப முதலில் இருந்து சொன்னேன். கொஞ்ச நேரம் பின்னால் இருந்து இடப்பக்கம் பிடியும், அந்த அலையைக் குறுக்கே வெட்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு சொல்வது குறைந்தது. எங்கள் கரை மெல்லிய கோடாகிவிட்டது. வெயில் நல்ல வெயில். முள் நடுவில். ஏரி இவ்வளவு வடிவு என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று நினைத்தேன். இவர் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார், நான்தான் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன்.

அதை அவருக்குச் சொல்லலாம் என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன்.

தலை ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. வாய் திறந்திருந்தது. ஒரு கை இருக்கைக்கு வெளியே தொங்கியது. எஞ்சின் இரைச்சலில் மூச்சுக் கேட்கவில்லை. லைஃப் ஜாக்கெற் போட்டிருந்ததால் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்றும் தெரியவில்லை.

நான் பாய்ந்தேன். கையில் நாடா இருக்கிறது என்பது மறந்தே போயிற்று. அது கழன்ற வேகத்தில் எஞ்சின் சட்டென்று நின்றது. முழங்கால் அடிபட விழுந்து, அந்த இருக்கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். எங்கள் அலையே பின்னால் வந்து எங்களைத் தூக்கிப் போட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை, நடு ஏரி. அந்த அமைதிக்குள் குறட்டை கேட்டது. கலியாணம் கட்டின நாளிலிருந்து நான் ஏசி ஏசிக் களைத்துப்போன அதே குறட்டை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இருந்த இடத்திலேயே இருந்து அழுதேன்.

எஞ்சின் நின்ற அமைதிதான் இவரை எழுப்பியிருக்க வேண்டும். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். என் கையில் தொங்கின நாடாவைப் பார்த்தார். ஆளில்லாத ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

"ஏன் எழும்பினனீர்?"

எஞ்சின் சத்தம் ஒரு மாதிரி இருந்தது என்று வாய்வரைக்கும் வந்தது. எனக்கும் அந்தப் பொய் பழகிப்போயிற்று.

"உங்கடை மூச்சுக் கேக்கேல்லை," என்றேன். "செத்துப்போனியளோ எண்டு பயந்திட்டன்."

இவர் எழும்பி, எனக்குப் பக்கத்தில் படகின் தரையிலேயே இருந்தார்.

"எஞ்சினுக்கு ஒருநாளும் ஒண்டும் இல்லை, மலர்."

"தெரியும்."

"எனக்கு நடக்கிறது நடக்கட்டும். ஆனால் நடு ஏரியிலை நடந்தால் நீர் என்ன செய்வீர்? தண்ணியைக் கண்டாலே நடுங்கிறனீர். என்ரை உடம்போடை தனிய, இதிலை..."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பெப்ரவரியிலிருந்து கண்ணை மூடவே பயமாக இருக்கிறது என்று பிறகு சொன்னார். மூடினால் திறக்கமாட்டேனோ என்று இருக்குமாம். எனக்குச் சொன்னால் நானும் சேர்ந்து பயப்படுவேன் என்று சொல்லவில்லையாம். இவ்வளவு மாதமும் பக்கத்தில் படுத்துக்கொண்டு நான் கட்டையைப் போலத் தூங்கியிருக்கிறேன்.

"அப்ப இண்டைக்கு எப்பிடி நித்திரை வந்தது?" என்று கேட்டேன்.

"நீர் ஓடிக்கொண்டிருந்தனீர் எல்லோ," என்றார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்புவோமா என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நான் கேட்டது இதுதான் முதல்தரம். இவர் எழும்பி நின்று முன்னாலும் பின்னாலும் பார்த்தார். இரண்டு கரையும் ஒரே தூரத்தில் தெரிந்தன. ஏன் திரும்புவான், கடையில் மீன் முடிய முதல் போவோம் என்றார். நாடாவின் முனையைத் திரும்பப் பொத்தானில் மாட்டிவிட்டு, என் தோளைத் தட்டி, நீரே ஓடும் என்றார்.

ஒரிலியாவில் மீன் சாப்பிட்டோம். இதற்காகவா ஒவ்வொரு வருடமும் ஏரியைக் கடந்தார்? உப்பில்லை, உறைப்பில்லை. கைப்பையில் கொண்டுபோன மிளகாய்த்தூளைத் தூவித்தான் எனக்கு இறங்கியது. இவர் என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார். டொக்ரருக்குத் தெரிய வேண்டாம். இடியப்பத்தை வரும் வழியில் சாப்பிட்டோம். வரும்போது அவர் ஓடினார், பாட்டும் படித்தார், சுருதி சேரவில்லை.

ஆகஸ்ட் 31, சனி

காலையில் நிரூபனுக்கு நானே போன் எடுத்தேன். ரெயிலரோடு வெளிக்கிட முதல் சொல்ல வேண்டுமே. விற்கவில்லை, குறை நினைக்க வேண்டாம் என்றேன். எஞ்சினில் ஏதும் பிழை வந்துவிட்டதா என்று கேட்டார், பாவம். எஞ்சின் நல்ல எஞ்சின், நாங்கள்தான் இன்னும் ஓடி முடிக்கவில்லை என்றேன். பிறகு இவர் மாஸ்ரரின் மகனுக்கு எடுத்தார். அவர்கள் இன்னும் கரைக்கவில்லையாம், சாம்பல் பானை சாமியறையிலேயே இருக்கிறதாம். நாளைக்குக் காலையில் கூட்டிக்கொண்டு போகிறோம்.

மத்தியானம் ஏரியில் இருக்கும்போது ஆரணி எடுத்தாள். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கதைத்தேன். அந்தத் தம்பி வந்து படகை ஏற்றிக்கொண்டு போய்விட்டாரா என்று கேட்டாள். விற்கவில்லை என்றேன். அம்மா, உங்களுக்கு விசரா என்று தொடங்கி, டொக்ரர், வயது, தண்ணீர் என்று ஒன்றும் விடாமல் சொல்லித் தீர்த்தாள். நான் இடையில் பேசவில்லை. முடித்துவிட்டு, அலைச் சத்தம் கேட்கிறதே, எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டாள்.

ஏரியில் என்றேன்.

"ஆர் ஓடுறது?"

"நான்."

"அப்பா எங்கை?"

திரும்பிப் பார்த்தேன். "பின்னாலை. நித்திரை," என்றேன்.

நித்திரையோ என்று இன்னொரு தரம் கேட்டாள். ஓம், குறட்டை விடுகிறார் என்றேன்.

"எழுப்பிப் போடாதேங்கோ, அம்மா," என்றாள்.

போனை வைத்துவிட்டு, நல்ல மெதுவாக ஓடினேன்.